நெஞ்சில் கட்டிய பஞ்சாங்கம்

இராசநாயகம் அண்ணையின் கையில் ஒரு பற்றறியைக் கொடுத்தால் முதலில் அதைச் சாரத்தில் துடைப்பார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சாண் செப்புக் கம்பியை எடுத்து, அதன் ஒரு நுனியைப் பற்றறியின் அடியில் பெருவிரலால் அழுத்திப் பிடிப்பார். மற்ற நுனியை வளைத்துத் தலைப்பக்கத்துக் குமிழுக்குப் பக்கத்தில் கொண்டுவருவார். கண்ணை மூடுவார். நாக்கை நீட்டி, குமிழையும் கம்பியையும் ஒரே நேரத்தில் தொடுவார். மூன்று எண்ணும் மட்டும் அப்படியே இருப்பார். நாக்கை உள்ளே இழுத்து, குழம்பில் புளி பார்க்கிறவரைப் போல வாயை இரண்டு தரம் அசைத்துவிட்டுத் தீர்ப்புச் சொல்வார்.

"புளிப்பு இருக்கு. ரெண்டு நாள் வெயிலிலை வையுங்கோ. ஒரு செய்தி கேக்கலாம்."

அல்லது, "இது செத்து ஆறு மாதம். சவத்தை ஏன் வீட்டிலை வைச்சிருக்கிறியள்?"

இது 1992ஆம் ஆண்டு, கொக்குவிலில். பற்றறியையும் சவர்க்காரத்தையும் கடலேரிக்கு இந்தப் பக்கம் வரவிடாமல் தடுத்தால் சண்டை முடிந்துவிடும் என்று கொழும்பில் யாரோ கெட்டிக்காரர் கணக்குப் போட்டிருந்தார். மின்சாரம் போய் இரண்டு வருடமாகியிருந்தது. ஆகவே ஊரில் செத்த பற்றறிகளுக்குக் குறைவில்லை. எல்லாம் கடைசியில் எங்கள் பக்கத்து வீட்டு மதிலுக்கு உள்ளேதான் வந்து சேரும். இராசநாயகம் அண்ணை மூடிப்போன ஆலையொன்றில் மின்சாரப் பகுதியில் வேலை பார்த்தவர். ஆலை அவரைக் கைவிட்டது. அவர் எதையும் கைவிடவில்லை. எரிந்த றேடியோ, கை முறிந்த மின்விசிறி, மூடிய கந்தோர்களின் செத்த தொலைபேசி என்று ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து விறாந்தையில் அடுக்கினார். அவருடைய தாயார் மீனாம்பிகை மாமி அந்த அடுக்கைக் கும்பிட்டுச் சுற்றி வந்துதான் கிணற்றடிக்குப் போவார்.

அவருக்கு வயது நாற்பது. கலியாணம் ஆகவில்லை. காரணம், தங்கை குணலட்சுமி அக்காவுக்கு முப்பத்தைந்து வயது, அவவுக்கும் ஆகவில்லை. தங்கை வீட்டில் இருக்க அண்ணன் தாலி கட்டினால் ஊர் என்ன சொல்லும் என்பது யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குணலட்சுமி அக்காவுக்கு ஆகாததற்குக் காரணம் செவ்வாய். சாதகத்தில் நாலாம் வீட்டில் நின்றது. செவ்வாய்க் குற்றம் உள்ள பிள்ளையைச் செவ்வாய்க் குற்றம் உள்ளவர்தான் கட்டவேண்டும். மாறிக் கட்டினால் ஒரு ஆள் போய்விடும் என்பது விதி. ஷெல்லும் குண்டும் விழுந்து நாளுக்கு நாலு பேர் போய்க்கொண்டிருந்த ஊரில் இந்த விதிக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். குற்றமுள்ள மாப்பிள்ளைகள் இல்லாமலில்லை. எல்லோரும் கனடாவுக்குப் போய்விட்டார்கள். செவ்வாய்க்கு விசா தேவையில்லை போலும்.

குணலட்சுமி அக்கா இதைப்பற்றி ஒரு நாளும் கதைத்து நான் கேட்டதில்லை. அவ யன்னலோரத்துத் தையல் மெசினில் இருந்து மற்றப் பெண்களின் கலியாணச் சட்டைகளைத் தைப்பா. காலை ஏழு மணிக்கு மிதிக்கத் தொடங்கினால் அந்தச் சத்தம் மத்தியானம் வரை ஒரே சீராகக் கேட்கும். எங்கள் வீட்டில் நேரம் பார்க்க அதுவே போதுமாயிருந்தது.

சாதகக் குறிப்பு எழுதியவர் மார்க்கண்டுச் சாத்திரியார். இராசநாயகம் அண்ணை ஒரு நாள் அவரிடம் போய்ச் சண்டை பிடித்தார். நான் எங்கள் வீட்டுக் குறிப்பு ஒன்றை வாங்கப் போய் வாசலில் நின்றேன்.

"தம்பி, நாலிலை செவ்வாய். நானே கொண்டுபோய் வைச்சனான்? அவர் நிக்கிறார்."

"எந்த நேரத்தை வைச்சுச் சொல்லுறியள்?"

"உங்கடை கொப்பர் தந்த நேரத்தை வைச்சுத்தான். வேறை ஆரின்ரை நேரம்?"

கொப்பர் என்றால் தகப்பனார் கதிரவேலு. காலமாகிப் பத்து வருடம். அண்ணை வீட்டுக்கு வந்து சுவர் மணிக்கூட்டின் கீழ் நின்றுகொண்டு தாயாரைக் கேட்டார். மதிலுக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்டது. எங்கள் மதில் உயரமானது. ஆனால் காதுக்கு இல்லை.

"அம்மா, ஐயா உந்த மணிக்கூட்டை எதைப் பாத்து வைக்கிறவர்?"

"வேறை எதை? கோச்சியைப் பாத்துத்தான். காலமை மெயில் கோச்சி றெயில் கேற்றடி தாண்டேக்கை கதிரையிலை ஏறி முள்ளை ஆறு இருவதுக்குத் திருப்புவார். ஒரு நாள் தவற மாட்டார்."

"கோச்சி நேரத்துக்கு வாறதோ?"

மாமி, கடல் இனிக்குமா என்று கேட்ட மாதிரி மகனைப் பார்த்தா.

"கோச்சி எண்டைக்கடா நேரத்துக்கு வந்தது?"

அந்த இடத்தில்தான் எல்லாம் தொடங்கியது. கோச்சி பிந்தினால் மணிக்கூடும் பிந்தும். மணிக்கூடு பிந்தினால் பிள்ளை பிறந்த உண்மையான நேரம் எழுதினதற்குப் பிறகு. குணலட்சுமி அக்காவின் லக்கினமோ ஒரு இராசியின் ஓரத்தில் நின்றது. இருபது நிமிடம் தள்ளினால் அடுத்த இராசிக்குப் போய்விடும். அங்கேயிருந்து எண்ணினால் செவ்வாய் நாலில் இல்லை, மூன்றில். மூன்றில் நிற்கிற செவ்வாய் ஒருவரையும் ஒன்றும் செய்யாது. பதினைந்து வருடமாக ஒரு பெண்ணை வீட்டில் வைத்திருந்தது கிரகம் அல்ல, இலங்கைப் புகையிரதம் என்று அண்ணை கண்டுபிடித்தார்.

சாத்திரியார் அசையவில்லை. "எத்தினை நிமிசம் பிந்தினது? வாயாலை சொன்னால் நான் கிரகத்தைத் தள்ளேலாது."

1957ஆம் ஆண்டு கோச்சி எத்தனை நிமிடம் பிந்தியது என்று 1992இல் யாரைக் கேட்பது? ஸ்ரேசனே இல்லை. தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பதுங்குகுழிகளுக்குப் போய்விட்டன. ஓடு பலர் வீட்டுக் கூரையில். பதிவேடுகள் மட்டும் பயனுள்ள இடத்துக்குப் போயிருந்தன: லூர்த்தம்மாவிடம். குருநகரில் மீன் விற்றவ. இடம்பெயர்ந்து வந்து எங்கள் சந்தியில் கச்சான் கடலை வறுத்து விற்றுக்கொண்டிருந்தா. அண்ணை ஒரு நாள் கச்சானைத் தின்றுவிட்டுச் சுருளைப் பிரித்துப் பார்த்தார். மெயில் வண்டி வந்த நேரம், வரவேண்டிய நேரம், கையொப்பம் எல்லாம் எண்ணெய்க் கறையோடு இருந்தன.

"அக்கா, உந்தப் பேப்பர் முழுக்க எனக்கு வேணும்."

"பேப்பரைத் தந்திட்டு நான் கச்சானை உன்ரை வாயிலையே சுத்திக் குடுக்கிறது?"

அவவின் லாம்பைத் திருத்திக் கொடுத்துக் கட்டோடு வாங்கி வந்தார். குணலட்சுமி அக்கா பிறந்த மாதத்தில் பதினாலு தாள் மிஞ்சியிருந்தது. பிறந்த நாளுக்குரிய தாள் இல்லை. அதில் யாரோ ஏற்கெனவே கச்சான் தின்றுவிட்டார்கள். பதினாலு நாளில் பதின்மூன்று நாள் கோச்சி பிந்தியிருந்தது. ஒரே ஒரு நாள் நேரத்துக்கு வந்திருந்தது. அந்த அவலம் எப்படி நடந்தது என்று பதிவேட்டில் குறிப்பு எதுவும் இல்லை. சராசரி போட்டார். இருபத்திரண்டு நிமிடம்.

கணக்குச் சரி. ஆனால் இராசநாயகம் அண்ணைக்கு ஊரைத் தெரியும்.

"நான் கடுதாசியிலை கணக்குப் போட்டால் என்னோடை வாதாடுவாங்கள். மெசின் சொன்னால் வாயைப் பொத்திக்கொண்டு இருப்பாங்கள்," என்று என் தகப்பனாரிடம் மதிலுக்கு மேலாகச் சொன்னார். யாழ்ப்பாணத்தை இவ்வளவு சுருக்கமாக வேறு யாரும் சொல்லி நான் வாசித்ததில்லை.

மெசினின் மூளை நல்லூரில் கிடைத்தது. ஒரு ரியூற்றரி லண்டனில் இருந்து வந்த கைப்பெட்டி அளவுக் கம்பியூட்டர் ஒன்றை வைத்து நாற்பது பிள்ளைகளுக்கு டிப்ளோமா கொடுத்துக்கொண்டிருந்தது. மின்சாரம் நின்ற பிறகும் ஒரு வருடம் வகுப்பு நடந்தது. ஆசிரியர் கரும்பலகையில் கம்பியூட்டரைக் கீறி, "இப்ப இந்த விசையை அமத்துறம்" என்று சோக்கால் தொட்டுக் காட்டுவார். பிள்ளைகள் நல்ல பெறுபேறு பெற்றார்கள். அதற்கிடையில் உண்மையான கம்பியூட்டரின் ரப்பர் விசைகளை எலி தின்றுவிட்டது. கோதாக இருந்ததை அண்ணை கேட்டவுடன் கொடுத்தார்கள். கரும்பலகைதான் அவர்களுக்கு வசதி.

விசைகளுக்குப் பதிலாக மூன்று உடைந்த கல்குலேற்றர்களின் பொத்தான்கள். திரைக்குப் பதிலாக, மூடிய கந்தோர் ஒன்றின் மேசைக் கல்குலேற்றரில் இருந்த பச்சை இலக்கங்கள், எட்டு. கோளின் கணக்கை மெசினுக்கு ஏற்ற ஒரு கசற். அதை ஓட்ட, மூடி இல்லாத ஒரு கசற் பிளேயர். ஊரெல்லாம் அறுந்து தொங்கிய தொலைபேசி வயர். அந்த நாட்களில் அதில் பெண்கள் சேலை காயப்போடுவார்கள். மின்சாரத்துக்கு சைக்கிள் டைனமோ.

முதலில் மெசினைச் சைக்கிள் கரியரில் கட்டினார். கொக்குவில் சந்தி தாண்டுமுன் குழியில் விழுந்து எழும்பி ஈயம் பற்றவைத்த இடம் எல்லாம் விட்டுப்போனது. மூன்று தரம் ஒட்டினார். மூன்று தரமும் விட்டது. பிறகு யோசித்து, தபால் பை ஒன்றை வெட்டி, குணலட்சுமி அக்காவைக் கொண்டு பட்டி வைத்துத் தைப்பித்து, மெசினைத் தன் நெஞ்சில் கட்டிக்கொண்டார். மனித உடம்பைப் போல நல்ல ஸ்பிரிங் வேறில்லை. குழி வந்தால் எலும்பு தாங்கிக்கொள்ளும். மெசின் சுடும். மாலையில் கழற்றினால் நெஞ்சில் நாலு மூலையோடு சிவந்திருக்கும். மாமி நல்லெண்ணெய் பூசுவா.

"உதைக் கழட்டியெறியடா. பிள்ளை பெத்தவளும் உப்பிடிச் சுமக்கிறேல்லை."

இதற்கு மேல் ஒரு சிக்கல் இருந்தது. மின்சாரம் நின்றால் மெசின் எல்லாவற்றையும் மறந்துவிடும். கசற்றை ஆரம்பத்திலிருந்து ஓடவிடவேண்டும். ஆறு நிமிடம், அரிவாளைப் பூனையில் தீட்டுகிற மாதிரி ஒரு கீச்சல். டைனமோ சுற்றாவிட்டாலும் தாங்கும்படி அண்ணை எதையோ பொருத்தினார். அது தாங்கியது நாலு செக்கன். ஆகவே வீட்டில் கசற்றை ஏற்றிக்கொண்டு வெளிக்கிட்டால் வழியில் எங்கும் நிற்கக்கூடாது. போன வீட்டில் சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, அவர் இறங்கி, இன்னொருவர் ஏறி மிதிக்க நாலு செக்கன். சட்டென்று ஏறி இறங்க வசதியாக, நாற்பது வயது மனிதர் பெண்களுடைய சைக்கிளுக்கு மாறினார். இறங்கிய பிறகும் டைனமோவிலிருந்து நெஞ்சுக்கு வயர் ஓடும். கட்டின மாடு மாதிரி அந்த வட்டத்துக்குள்தான் நிற்கலாம்.

மிதிப்பதற்கு ஆள் வேண்டும். சீராக மிதிக்கவேண்டும், கூடினாலும் குறைந்தாலும் மெசின் கண்டபடி இலக்கம் காட்டும். அவர் வைத்துப் பார்த்த ஆண்கள் எல்லோரும் தோற்றார்கள். என் தகப்பனார் மிதித்தபோது செவ்வாய் பதினேழாம் வீட்டில் நின்றது. கடைசியில் குணலட்சுமி அக்கா தையல் மெசினை விட்டு எழுந்து வந்து, சீலைத் தலைப்பை இடுப்பில் செருகி, ஏறி இருந்து மிதித்தா. பச்சை இலக்கங்கள் கல்லில் வெட்டினது போல நின்றன. இருபது வருடம் சட்டை தைத்த கால்.

அதன்பிறகு அண்ணை முன்னால் மெசினோடும், அக்கா பின்னால் இன்னொரு சைக்கிளிலுமாக வலிகாமம் முழுக்கக் குறிப்புப் பார்க்கப் போனார்கள். அண்ணை போன வீடெல்லாம் ஒரே கேள்விதான்: "உங்கடை மணிக்கூடு எதைப் பாத்து வைச்சது?" கோயில் மணி, பள்ளிக்கூட மணி, கோச்சி. ஒரு வீட்டில், பக்கத்து வீட்டுக்காரர் பல் தீட்டுகிற நேரம். எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கழித்தல் கூட்டல் இருந்தது. எட்டு இலக்கத்துக்குள் பொருத்தம் காட்டும். புதுக்கவிதை எழுதுகிறவர்கள் மாதிரி வசதிப்பட்ட இடத்தில் வரியை முறித்துக்கொள்ளும். விளங்காததால் எல்லோருக்கும் மரியாதை வந்தது.

நெஞ்சில் பெட்டியும் வயரும் கட்டிக்கொண்டு அந்தக் காலத்தில் யாழ்ப்பாண வீதியில் போகிற மனிதரை யாரும் சும்மா விடமாட்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை. காவலரணில் இயக்கப் பெடியள் மறித்தார்கள்.

"அண்ணை, ரெண்டு கையையும் தூக்குங்கோ. நெஞ்சிலை என்ன?"

"பஞ்சாங்கம், தம்பி."

அரை மணி நேரம் பிரித்துப் பார்த்தார்கள். மெசின் மறந்து போயிற்று. மற்றவர்கள் சிரித்துக்கொண்டு போனபிறகு ஒரு பெடியன் மட்டும் கிட்ட வந்து, பிறந்த தேதியையும் நேரத்தையும் மெதுவாகச் சொன்னானாம். அக்கா மிதித்தா. அண்ணை கசற்றைத் திரும்ப ஏற்றிப் போட்டுப் பார்த்தார். திரையில் என்ன வந்தது என்று அவர் எங்களுக்குச் சொல்லவில்லை. "நல்ல நேரம் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான்," என்றார்.

நல்லூரில் எங்கள் பெரியம்மாவின் மகள் செல்வநாயகிக்குப் பார்த்த அன்று நானும் போயிருந்தேன். முற்றம் புதுமணல். சைக்கிள் ஸ்ராண்ட் புதைந்து ஒரு பக்கம் சரிந்தது, இலக்கங்கள் நடுங்கின. மாப்பிள்ளை வீட்டாரோடு தென்மராட்சியில் இருந்து வந்த ஒரு மனிதர், வந்ததிலிருந்து ஒரு சொல்லும் சொல்லாமல் தூணோடு நின்றவர், காலடிச் சத்தம் கேட்காமல் போய்க் குசினிப் பக்கமிருந்து ஒரு சிரட்டையைக் கொண்டுவந்து, குனிந்து, ஸ்ராண்டின் காலுக்குக் கீழே கவிழ்த்து வைத்தார். சைக்கிள் நேரானது. அக்கா மிதியை நிறுத்தாமல் ஒரு தரம் குனிந்து பார்த்தா. பொருத்தம் பத்துக்கு எட்டு என்று எல்லோரும் ஆரவாரப்பட்டார்கள். சிரட்டையை வேறு யாரும் காணவில்லை. கதைக்காதவர்களைக் கதைக்காதவர்கள்தான் காண்பார்கள்.

ஒரு வருடத்துக்குள் பதினொரு கலியாணம் அந்த மெசினால் நடந்தது. பதினொரு பெண்களின் நேரத்தையும் அண்ணை திருத்திக் கொடுத்தார், ஊர் ஏற்றுக்கொண்டது. அதே மெசின் குணலட்சுமி அக்காவுக்குக் குற்றமில்லை என்று சொன்னபோது மட்டும் ஊர் சிரித்தது.

"மெசினும் உவன்ரை, தங்கச்சியும் உவன்ரை. வேறை என்னெண்டு சொல்லும்?"

பதினொரு வீட்டு முற்றத்தில் மற்றவர்களுக்காக மிதித்துவிட்டு, அக்கா திரும்பி வந்து அந்தப் பெண்களின் கலியாணச் சட்டையைத் தைத்தா.

1993 ஆவணியில் ஒரு சம்பந்தம் வந்தது. மீசாலைக் கந்தப்பு என்பவர், மூத்த மகனுக்குக் கேட்டார். தானே வீடு பார்க்க வருவதாக மார்க்கண்டுச் சாத்திரியார் மூலமாகச் சொல்லி அனுப்பினார். சனிக்கிழமை காலை ஒன்பது மணி. எங்கள் வீட்டு நல்ல கதிரை இரண்டை இரவலுக்குக் கேட்டார்கள். கொண்டுபோன நான் கதிரைக்குக் காவலாக அங்கேயே நின்றுவிட்டேன்.

கந்தப்பு ஐயா தனியாக, கொடிகாமத்திலிருந்து வரும் தட்டிவானில் வந்தார். வெள்ளை வேட்டி, மூடிய குடை. கேற்றடியில் நின்று இடுப்பிலிருந்து ஒரு பொக்கற் மணிக்கூட்டை எடுத்துப் பார்த்தார்.

"ஒன்பது ஐஞ்சு. ஐஞ்சு நிமிசம் பிந்திப்போச்சு. குறை நினைக்கக்கூடாது."

அவர் இருந்து தண்ணீர் குடிப்பதற்கு முன்பே இராசநாயகம் அண்ணை மெசினை நெஞ்சில் கட்டிவிட்டார். மாமி கண்ணால் தடுத்துப் பார்த்தா. "முதல் அவர் கதைக்கட்டும்" என்று வாயாலும் சொன்னா. அண்ணைக்குக் கேட்கவில்லை. முதல் முறையாகத் தன்னுடைய தங்கைக்காக, ஒரு வெளியாளுக்கு முன்னால் மெசினைப் போடுகிறார். அவருக்கு வேறு என்ன கேட்கும்? முற்றத்தில் அக்கா ஏறி மிதித்தா. ஆறு நிமிடம் கசற் கீச்சிட்டது. கந்தப்பு ஐயா குடையின் பிடியில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, பொறுமையாக, சாமி புறப்பாட்டுக்குக் காத்திருப்பவர் போல இருந்தார்.

திரையில் 3 வந்தது.

"பாருங்கோ ஐயா. மூண்டு. என்ரை தங்கச்சிக்குச் செவ்வாய்க் குற்றம் இல்லை. உவங்கள் இவ்வளவு காலமாச் சொன்னது பிழை."

கந்தப்பு ஐயாவின் முகம் விழுந்தது. "இல்லையோ?"

"துப்பரவா இல்லை."

"தம்பி, என்ரை மகனுக்கு ஏழிலை செவ்வாய். குற்றமுள்ள பிள்ளை எண்டு கேள்விப்பட்டுத்தான் வந்தனான்."

பதினைந்து வருடம் வராத மாப்பிள்ளை, குற்றத்துக்குக் குற்றமாக, படித்த குடும்பத்தில் இருந்து, தட்டிவான் ஏறி வாசலுக்கு வந்திருக்கிறார். ஒரு வருடம் நெஞ்சு வேகச் சுமந்து அந்தக் குற்றத்தை அண்ணை இப்போதுதான் தீர்த்து முடித்திருந்தார்.

"குறிப்பிலை நாலிலை எண்டு போட்டிருந்ததே?" என்று கேட்டார் கந்தப்பு ஐயா.

அண்ணை வழக்கமான வேகத்தில் தொடங்கிவிட்டார். நிறுத்த அவருக்குத் தெரியவில்லை. "அது மணிக்கூட்டுப் பிழை. எங்கடை ஐயா கோச்சியைப் பாத்து வைச்சவர். கோச்சி இருபத்திரண்டு நிமிசம் பிந்தி."

"எந்தக் கோச்சி?"

"காலமை மெயில். ஐம்பத்தேழாம் ஆண்டு."

கந்தப்பு ஐயா எழுந்து நின்றார். "ஐம்பத்தேழிலை நான் யாழ்ப்பாண ஸ்ரேசனிலை உதவி ஸ்ரேசன் மாஸ்ரர், தம்பி. மெயிலுக்குக் கொடி காட்டினது இந்தக் கை. பிந்தினதாம்!" குடையை எடுத்தார். "குற்றமில்லாத பிள்ளையைக் குற்றமுள்ள பெடியனுக்குக் கட்டி நான் பழி தேடேலாது. உங்கடை மெசின் உங்களோடை இருக்கட்டும். வாறன்."

மாமி பிளேன்ரீத் தட்டோடு வாசலில் நின்றா. "ஒரு வருசமாச் சொன்னனான், கழட்டியெறி எண்டு," என்று தேத்தண்ணிக்குச் சொன்னா.

இராசநாயகம் அண்ணை தங்கையைப் பார்த்தார். அக்கா ஒருவரையும் பார்க்கவில்லை. கைப்பிடிக்கு முன்னால் உள்ள வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு அதே சீரில் மிதித்தா. கந்தப்பு ஐயா படியில் இறங்கிச் செருப்பைத் தேடினார். அண்ணைக்கு அவர் பின்னால் ஓட ஏலாது, வயர் விடாது. நின்ற இடத்தில் நின்றே கூப்பிட்டார்.

"ஐயா! அண்டையான் தாள் எனக்குப் பிறகு கிடைச்சது."

"என்ன தாள்?"

"தங்கச்சி பிறந்த அண்டைக்கு ஸ்ரேசனிலை எழுதின தாள். இருபத்திரண்டு எண்டது மற்ற நாளுகளின்ரை கணக்கு." அண்ணையின் நாக்கு பற்றறியில் எத்தனையோ கசப்பைத் தொட்டிருக்கும். "அண்டைக்குக் கோச்சி நேரத்துக்கு வந்தது."

கந்தப்பு ஐயா ஒரு செருப்போடு திரும்பினார். "எத்தினை மணிக்கு எண்டு போட்டிருக்கு?"

"ஆறு இருவது."

"ஆறு இருவது!" அவர் எங்கள் எல்லோரையும் சாட்சிக்குப் பார்த்தார். என்னையும் கூடப் பார்த்தார். "ஆறு இருவதுதான் சரியான நேரம். நான் சொல்லேல்லையோ? எங்கை அந்தத் தாள்?"

மாமிதான் முந்திக்கொண்டா. "அதிலை கச்சான் சுத்தி வந்தது, ஐயா. திண்டுபோட்டு எறிஞ்சுபோட்டம். நானும் கண்ணாலை கண்டனான். நேரத்துக்குத்தான் வந்தது."

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இந்தக் கதையை நம்பக்கூடிய மனிதர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு மேலே வந்து கதிரையில் இருந்தார்.

"எங்கை, போட்டுக் காட்டுங்கோ."

அண்ணை பொத்தான்களைத் தடவித் தடவி, 22 இருந்த இடத்தில் 0 போட்டார். அவ்வளவு மெதுவாக அவர் எதையும் அமத்தி நான் கண்டதில்லை. மிதியின் சத்தம் முதல் தடவையாக ஒரு தாளம் தப்பியது. இலக்கங்கள் அணைவது போல மங்கின. நாலு செக்கனுக்குள் அக்காவின் கால் திரும்பவும் பிடித்துக்கொண்டது.

4.

"நல்ல மெசின்," என்றார் கந்தப்பு ஐயா. மாமியின் கையிலிருந்து தேத்தண்ணியை வாங்கினார்.

கலியாணம் ஐப்பசியில் நடந்தது. மாப்பிள்ளை கனகசபாபதியை மணவறையில்தான் கண்டேன். நல்லூரில் சிரட்டை வைத்தவர். ஊர் சின்னது, யாரும் யாருக்கும் உறவு என்று நினைத்துக்கொண்டேன். மெசினே தன் பிழையை ஒத்துக்கொண்டது என்று மார்க்கண்டுச் சாத்திரியார் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அண்ணை ஒரு சொல்லும் மறுக்கவில்லை. பிறகு யாரும் குறிப்புப் பார்க்க அவரைக் கூப்பிடவில்லை. பதினொரு கலியாணமும் பழுதில்லாமல் இருக்கின்றன என்பதைப்பற்றி யாரும் கதைக்கவில்லை. மெசினைப் பிரித்துப் பொத்தான்களை ஒரு மேசை லாச்சியிலும் இலக்கங்களை இன்னொன்றிலும் போட்டார். நெஞ்சில் அந்த நாலு மூலைச் சிவப்பு மட்டும் கொஞ்சக் காலம் இருந்தது. அடுத்த தையில் அவருக்கும் கலியாணமாகியது. அவருடைய சாதகத்தில் பிழை பிடிக்க எதுவும் இருக்கவில்லை.

1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது நாங்களும் நடந்து, மீசாலையில் குணலட்சுமி அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தோம். நாற்பது பேர் இருந்தோம். மழையில் கூரை ஒழுகி ஒரு ரங்குப்பெட்டி நனைந்துவிட, அதிலிருந்த கடுதாசிகளைக் கொடியில் காயப்போடும் வேலை எனக்கு வந்தது. அதில் கனகசபாபதி அண்ணையின் குறிப்புக் கொப்பி இரண்டு இருந்தன. ஒன்று பழையது, பிறந்தபோது எழுதியது. மற்றது 1993இல் மார்க்கண்டுச் சாத்திரியார் எழுதியது. புதியதில் செவ்வாய் ஏழாம் வீட்டில் நின்றது. பழையதில் பதினொன்றில், குற்றமே இல்லாத இடம்.

நான் இரண்டையும் மாறி மாறிப் பார்ப்பதை அவர் கண்டுவிட்டார். பழைய கொப்பியை என் கையிலிருந்து மெதுவாக வாங்கினார்.

"ஐயாவுக்குத் தெரியாது," என்றார். "கோச்சி பிந்தினது எண்டு சொல்லுற வீட்டிலை அவர் சம்பந்தம் வைக்க மாட்டார். அவரைத் திருத்திறதைவிட என்ரை செவ்வாயைத் திருத்திறது சுகம்."

நல்லூரில் சிரட்டை வைத்த அன்று பின்னேரமே, அப்போது பொன் விலை விற்ற மண்ணெண்ணெய் ஒரு போத்தலோடு அவர் சாத்திரியாரிடம் போயிருக்கிறார்.